பலகை இல்லாத தயிர்க் கடையும் மட்டுவில் உறையும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு ஆடியபாதம் வீதியால் கொக்குவில் பக்கம் போகும்போது, ஓர் ஒழுங்கைக்குள் பச்சைத் தகரப் படலை ஒன்று வரும். பெயர்ப் பலகை கிடையாது. படலையில் கவிழ்த்துக் கட்டிய மண் சட்டிதான் அடையாளம். சட்டி தொங்கினால் தயிர் இருக்கிறது, கழற்றியிருந்தால் விற்று முடிந்துவிட்டது. காலை ஏழு மணிக்குத் தொங்கவிடும் சட்டியைப் பெரும்பாலான நாட்களில் ஒன்பது மணிக்கு முன்பே கழற்றிவிடுவார்கள். ஆறு வருடங்களாக நான் அங்கேதான் தயிர் வாங்குகிறேன்.

அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில், பற்றீரியாக்களை வளர்த்துப் பார்க்கும் பிரிவில் 31 வருடங்கள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே தயிரைப் பற்றி எழுதினால் அதற்குள் இருந்து உழைக்கும் நுண்ணங்கிகளைப் பற்றியும் எழுதாமல் விட என்னால் முடியாது. அவற்றின் ஓர் இரவு வேலைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

முதலில் தயிர். ஒரு லீற்றர் சட்டி 600 ரூபாய், அரை லீற்றர் 320 ரூபாய். பழைய சட்டியைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தால் 50 ரூபாய் குறைப்பார்கள். கோண்டாவிலிலும் உரும்பிராயிலும் மாடு வைத்திருக்கும் ஐந்து வீடுகளில் இருந்து பால் வருகிறது. எல்லாம் பசுப்பால். வன்னியில் இருந்து வரும் எருமைத் தயிரின் கட்டிக்குப் பழகியவர்களுக்கு முதல் நாள் இது இளகலாகத் தோன்றும். கரண்டியால் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துப் பாருங்கள். வெட்டிய முகம் சரியாமல் நிற்கும். மறுநாள் காலையில் அந்தக் குழியில் ஊறியிருக்கும் நீர் ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் இராது. புளிப்பு நாக்கின் ஓரத்தில் மெதுவாக ஏறி, விழுங்கும்போது நின்றுவிடும். சட்டியின் காகிதத்தை அவிழ்த்தவுடன் வெண்ணெய் உருகும் வாசம் ஒன்று எழும். சந்தையில் வாங்கும் வேறு எந்தத் தயிரிலும் எனக்கு அந்த வாசம் கிடைத்ததில்லை. மத்தியானம் குத்தரிசிச் சோற்றுக்கு மோர்மிளகாயோடு நல்லது. அதைவிட நல்லது, பின்னேரத்தில் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவது.

கடையை நடத்துபவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் என்னை அண்ணை என்பார், நான் தங்கச்சி என்பேன். தொழில் அவருடைய மாமியாரிடம் இருந்து வந்தது. பாலைப் பொங்கக் காய்ச்சி, சின்ன விரலை விட்டு பத்து எண்ணும் வரை வைத்திருக்கக்கூடிய சூட்டுக்கு ஆறவிடுவார். ஒரு லீற்றர் சட்டிக்கு ஒரேயொரு தேக்கரண்டி உறை. வைக்கோல் பரப்பிய அறையில் சட்டிகளை அடுக்கிச் சாக்கால் மூடிவிட்டால் விடியும்வரை யாரும் அந்த அறைக்குள் போகக் கூடாது. உறை மட்டும் தனியாக ஒரு சிறு முட்டியில், சமையலறை உறியில் தொங்கும். விற்கும் சட்டிகளுக்கும் அந்த முட்டிக்கும் ஒரே கரண்டியைப் பயன்படுத்துவதில்லை. நான் கடைகளில் பார்த்த எந்தச் சுத்தத்தையும்விட இந்த ஒரு வழக்கத்தை மேலானதாகக் கருதுகிறேன். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

என் வீட்டில் பழைய நுணுக்குக்காட்டி ஒன்று இருக்கிறது. வாங்கத் தொடங்கிய முதல் வருடமே இந்தத் தயிரில் ஒரு பொட்டு எடுத்து, நீர் கலந்து கண்ணாடித் தட்டில் தடவி, மெதிலீன் நீலம் என்ற சாயம் இட்டுப் பார்த்தேன். கோத்த மணிகள் போல வரிசை வரிசையாக உருண்டைகள், அவற்றுக்கு நடுவே நீண்ட கோல்கள். கோப்பையில் அடைத்து யோகட் என்று விற்பதற்குச் சர்வதேச உணவு நியமம் கேட்கும் இருவரும் இப்படித்தான் தெரிவார்கள். உருண்டைக்குப் பெயர் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தேர்மோபிலஸ், கோலுக்குப் பெயர் லக்டோபசிலஸ் பல்காரிக்கஸ். பல்கேரிய மாணவர் ஸ்டாமென் கிரிகோரொவ் 1905இல் ஜெனீவாவில் தன் ஊர்த் தயிரைப் பார்த்துக் கண்டறிந்தது இந்தக் கோலைத்தான். நம் ஊர்த் தயிர் அறை வெப்பத்தில் உறைவதால், அந்தச் சூட்டை விரும்பும் லக்டோகொக்கஸ் என்ற உருண்டைகளும் கூட்டுக்கு வரும். வெண்ணெய் வாசம் பெரும்பாலும் அவற்றின் வேலை.

உருண்டையும் கோலும் ஒன்றையொன்று தாங்கும் விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம். பாலில் சீனிக்குக் குறைவில்லை. புரதமும் நிறைய உண்டு. ஆனால் அந்தப் புரதம் கேசீன் என்ற பெரிய திரள்களாகக் கிடக்கிறது, அப்படியே விழுங்க எந்தப் பற்றீரியாவாலும் முடியாது. கோல் தன் உடற்சுவருக்கு வெளியே ஒரு நொதியத்தை வைத்திருக்கிறது. அது கேசீனைச் சிறு துண்டுகளாக வெட்டும். துண்டுகள் பாலில் பரவ, உருண்டைகளும் அவற்றைத் தின்று வளரும். உருண்டைகள் பதிலுக்குப் போமிக் அமிலத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளியே விடும். மூன்றும் கோலுக்கு வேண்டியவை. தனித்தனியே விட்டால் இரண்டும் பாலை மெதுவாகத்தான் புளிக்க வைக்கும். சேர்த்து விட்டால் சில மணி நேரத்தில் முடித்துவிடும்.

கூட்டு அதோடு நிற்கவில்லை. 2004இல் உருண்டையின் டி.என்.ஏ. முழுவதையும் வாசித்தபோது, அதில் சுமார் 17,000 எழுத்து நீளமான ஒரு பகுதி ஒட்டுப்போட்ட துணி போல இருந்தது. அதன் சில துண்டுகள் கோலின் டி.என்.ஏ.யோடும், வேறு சில லக்டோகொக்கஸின் டி.என்.ஏ.யோடும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒத்துப்போயின. மெதியோனீன் என்ற அமினோ அமிலத்தைச் செய்வதற்கு உதவும் பரம்பரை அலகு (ஜீன்) அதற்குள் இருந்தது. பாலில் மெதியோனீன் அரிது. மூன்று வெவ்வேறு இனங்கள் ஒரே பாலில் காலம் காலமாகக் குடியிருந்து, சாப்பாட்டை மட்டுமல்லாமல் சமையற் குறிப்பையும் கைமாற்றிக்கொண்டிருக்கின்றன.

நமக்குப் பரம்பரை அலகு தாய் தகப்பனிடம் இருந்துதான் வருகிறது. பற்றீரியாவுக்கு அயல் வீட்டில் இருந்தும் வரும். இதன் முதல் அடையாளத்தை 1928இல் லண்டனில் பிரெடரிக் கிரிபித் கண்டார். நிமோனியாக் கிருமியில் தீங்கற்ற உயிருள்ள வகையையும், சூடாக்கிக் கொன்ற தீய வகையையும் கலந்து எலிக்கு ஊசி போட்டார். எலி இறந்தது. இறந்தவற்றில் இருந்து ஏதோ ஒன்று உயிருள்ளவற்றுக்குள் போயிருந்தது. அந்த ஏதோ ஒன்று டி.என்.ஏ. என்று 1944இல் அவெரியும் அவரது கூட்டாளிகளும் காட்டினார்கள். நிமோனியாக் கிருமியும் நம் தயிர் உருண்டையும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் குடும்பத்துப் பிள்ளைகள். பாலுக்குக் குடிவந்த உருண்டை நோய் தரும் குணங்களை இழந்துவிட்டது. வெளியில் கிடக்கும் டி.என்.ஏ.யை உள்ளே எடுக்கும் பழக்கத்தை மட்டும் அதில் சில வகைகள் விடவில்லை. இரண்டு கலங்கள் ஒட்டிக்கொண்டு நேரடியாகக் கைமாற்றுவது இன்னொரு வழி, அதை 1946இல் லெடர்பேர்க்கும் டேற்றமும் கண்டார்கள். பற்றீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் தவறுதலாகச் சுமந்து போய்ச் சேர்ப்பது மூன்றாவது வழி, 1952இல் தெரியவந்தது.

இதே கைமாற்றத்தின் கொடிய முகத்தை நான் வேலை செய்த காலம் முழுக்கப் பார்த்தேன். வேலையில் சேர்ந்த காலத்தில், வளர்ப்புத் தட்டில் மருந்து வில்லைகளை வைத்தால் மறுநாள் ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் பற்றீரியா வளராத தெளிந்த வட்டம் இருக்கும். ஓய்வு பெறும் காலத்தில் எந்த வில்லையைச் சுற்றியும் வட்டம் இல்லாத தட்டுகள் ஒரு கிழமையில் பல தடவை வந்தன. பிளாஸ்மிட்டு என்ற சிறு டி.என்.ஏ. வளையம் ஒன்றே நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பைச் சுமந்துகொண்டு ஓர் இனத்தில் இருந்து இன்னோர் இனத்துக்குப் போகும். 1950களில் யப்பானில் வயிற்றுளைவுக் கிருமிகள் நான்கு மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் அடங்காமல் போனதை ஆராய்ந்தபோதுதான் உலகம் இதை முதலில் புரிந்துகொண்டது. ஒரு தடவை, இரண்டு பிள்ளைகளின் தகப்பன் ஒருவருடைய சிறுநீரில் வளர்ந்த கிருமிக்குக் கொடுக்க எங்களிடம் இருந்த எந்த மருந்தும் பயன்படவில்லை. அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தியருக்குத் தொலைபேசியில் சொன்ன நாளை நான் மறக்கவில்லை. வைத்தியர் எழுதாமல் கடையில் கேட்டு வாங்கும் நான்கு குளிசையும், பாதியில் நிறுத்தும் மருந்தும் அந்தத் தட்டோடு தொடர்புடையவை. தயிரைப் பற்றி எழுதுகிறேன் என்பதற்காக இதைச் சொல்லாமல் போக மாட்டேன்.

இந்தக் கடைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் படலையில் சட்டி தொங்கவே இல்லை. உள்ளே போய்க் கேட்டேன். பன்னிரண்டு சட்டிகள் பாலாகவே இருந்தன, மற்றவை எல்லாம் நன்றாக உறைந்திருந்தன. எந்த வீட்டுப் பால் எந்தச் சட்டியில் என்று தங்கச்சி சுண்ணாம்பால் அடையாளம் போட்டு வைப்பவர். பன்னிரண்டும் ஒரே வீட்டுப் பால். விசாரித்தபோது அந்த வீட்டு மாட்டுக்கு மடி வீங்கி, மிருக வைத்தியர் பெனிசிலின் ஊசி போட்டிருந்தார். ஊசி போட்ட பிறகு குறிப்பிட்ட நாட்களுக்குப் பாலை விற்கக் கூடாது, அதை அவர்கள் கவனிக்கவில்லை. பெனிசிலின் சிறிதளவு இருந்தாலும் தயிர் உருண்டைகள் எழும்பாது. அன்று உறையாத பாலைப் பார்த்தபோது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. இந்த உறையில் இருப்பவை பெனிசிலினுக்கு இன்னும் அடங்குகின்றன, எதிர்ப்பு அலகு எதையும் வாங்கிக்கொண்டு பழகவில்லை. தங்கச்சி அந்தப் பன்னிரண்டு சட்டிப் பாலையும் ஊற்றிவிட்டார். நன்றாக உறைந்திருந்த மற்றச் சட்டிகளை விற்றிருக்கலாம். ஆனால் கறந்த பால் வந்த வாளிகள் ஒன்றோடொன்று கலந்திருக்குமோ என்ற ஐயத்தில் அவற்றையும் விற்கவில்லை. இப்போது ஊசி போட்ட மாட்டின் பாலைத் தரக் கூடாது என்று ஐந்து வீட்டுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். தராத நாட்களுக்கும் பாதிக் காசு கொடுக்கிறார். காசு கொடுப்பதால்தான் அவர்கள் மறைக்காமல் சொல்கிறார்கள்.

குறைகளும் இருக்கின்றன. சட்டியின் வாயைக் காகிதத்தால் மூடி இறப்பர் வளையம் போடுகிறார்கள், சைக்கிள் கூடையில் வைத்தால் வீடு போவதற்குள் காகிதம் நனைந்து கிழிகிறது. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்காகச் சென்ற வருடம் தொடங்கிய 100 ரூபாய்ப் பிளாஸ்ரிக் கோப்பைத் தயிரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். மண் சட்டி மேலதிக நீரை உறிஞ்சும், அதன் வழியே நீர் ஆவியாகித் தயிரைக் குளிர வைக்கும். கோப்பையில் இரண்டும் நடக்காது, மேலே நீர் நிற்கும். இதைத் தங்கச்சியிடமே சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளிடம் சட்டிக்குக் காசு இருக்காது என்று பதில் சொன்னார். அந்தப் பதிலை மதிக்கிறேன், தயிர் தரம் குறைந்தது என்பதிலும் மாற்றமில்லை.

பெரிய குறை சென்ற வருடம் நல்லூர்த் திருவிழாவில் நடந்தது. இருபத்தைந்து நாளும் ஊரில் பாதி வீடுகளில் மச்சம் மாமிசம் இல்லை, தயிருக்கு அடிபிடி. இரவில் ஒரு தடவை உறைய வைத்தது போதாமல் பகலிலும் ஒரு தடவை வைக்கத் தொடங்கினார். பகல் தயிர் நான்கைந்து மணி நேரத்தில் எழும்ப வேண்டும் என்பதற்காகத் தேக்கரண்டி உறைக்குப் பதிலாக அகப்பையால் உறை விட்டார். சப்பறத்துக்கு முதல் நாள் நான் வாங்கிய இரண்டு சட்டியும் மோசம். தயிர் மணல் மணலாக, கடும் புளிப்போடு, அரைச் சட்டி நீராக இருந்தது. உறை கூடினால் அமிலம் அவசரமாக ஏறும். கேசீன் ஒன்றோடொன்று பொறுமையாகக் கோத்து வலையாவதற்கு முன்பே சுருங்கி, நீரைக் கக்கிவிடும். சட்டிகளைத் திருப்பிக் கொண்டுபோனேன். காசைத் திருப்பித் தந்துவிட்டு அவர் சொன்னது இது: “பிழைதான் அண்ணை. ஆனால் இந்தச் சட்டிகளில் இருந்து நான் உறை எடுக்கவில்லை. பகல் தயிரில் உறை எடுக்காதே என்று மாமி சொல்லியிருக்கிறார். உறி முட்டிக்கு இன்றைக்கும் ஒரு தேக்கரண்டிதான்.”

அந்த விறாந்தையில் நின்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாமியார் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு ஆய்வுகூடத்தில் பதில் இருக்கிறது.

கேசீனை வெட்டும் நொதியம் கலத்துக்கு வெளியே இருக்கிறது என்று சொன்னேன். வெட்டிய துண்டு வெட்டியவருக்கு மட்டும் சொந்தமில்லை. நம் ஊரில் பங்குக் கிணற்றைக் கலக்கி இறைக்கும் நாளில் வராமல் இருந்துவிட்டு, மறுநாள் வாளியோடு வருபவரை எல்லோரும் பார்த்திருப்போம். லக்டோகொக்கஸ் கூட்டத்திலும் அவர்கள் உண்டு. லக்டோகொக்கஸுக்கும் அப்படி ஒரு நொதியம் உண்டு, அதற்கான அலகு பெரும்பாலும் பிளாஸ்மிட்டு வளையத்தில் இருக்கிறது. கலம் பிரியும்போது சில பிள்ளைகளுக்கு வளையம் கிடைக்காமல் போகும். நொதியம் செய்யும் செலவு அவற்றுக்கு இல்லை, சாப்பாடோ அயலாரின் உழைப்பில் கிடைக்கிறது. ஆகவே அவை வேகமாகப் பெருகும். அவை கூடிவிட்டால் வெட்டுபவர் குறைந்து, பால் உறைய நேரம் எடுக்கும், தயிர் தளரும்.

இந்தப் போட்டியில் யார் வெல்வார் என்பது நெருக்கத்தைப் பொறுத்தது. பாலில் கலங்கள் ஐதாக இருந்தால், வெட்டும் கலத்துக்குத் தான் வெட்டிய துண்டு முதலில் கிடைக்கும். துண்டு தூரம் போய்விடும் முன் அது உண்டு வளர்ந்துவிடும், வெட்டாதவை பட்டினி கிடக்கும். கலங்கள் நெருங்கி இருந்தால் துண்டுகள் எங்கும் நிறைந்திருக்கும், வெட்டாதவைதான் முந்தும். லக்டோகொக்கஸைப் பாலில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான். ஒரு லீற்றர் பாலுக்கு ஒரு தேக்கரண்டி உறை விடும்போது ஒவ்வோர் இரவும் கூட்டம் ஐதாகத் தொடங்குகிறது, உழைப்பவை முன்னுக்கு வருகின்றன. அகப்பையால் உறை விட்டு, அந்தத் தயிரில் இருந்தே நாளைக்கும் உறை எடுத்து, அதை இருபத்தைந்து நாள் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதை வாசிப்பவரே கணிக்கலாம். உறி முட்டியையும் அதன் கரண்டியையும் தனியாக வைப்பதும் இதற்காகத்தான், விற்கும் தயிர் கெட்டாலும் உறை கெடாது. நுணுக்குக்காட்டியை ஒரு தடவையும் பார்த்திராத அந்த அம்மா, தளர்ந்துபோன உறைகளைத் தன் காலத்தில் கண்டு கண்டு இந்த விதிக்கு வந்திருக்கிறார்.

கைமாற்றமும் இங்கே உழைப்பவர் பக்கம் நிற்கக்கூடியது. வளையத்தை இழந்த கலம் அயலில் இருக்கும் கலத்திடம் இருந்து அதைத் திரும்பப் பெறலாம். பெற்றுக்கொண்டால் அதுவும் வெட்டத் தொடங்கும், இறைக்க வராதவன் கையில் வாளியைக் கொடுத்து வரிசையில் நிறுத்துவது போல. ஈ. கோலை பற்றீரியாவில் 2009இல் பார்த்தபோது, வெளியே சுரந்து எல்லோருக்கும் பயன்படும் புரதங்களின் அலகுகள், இப்படி இடம் மாறும் டி.என்.ஏ. துண்டுகளில் மற்றவற்றைவிடக் கூடுதலாக இருந்தன.

இந்தக் கடையின் உறைக்கும் அப்படி ஒரு திரும்பப் பெற்ற கதை உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி போரினால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, மாமியார் பிள்ளைகளையும் ஒரு பையையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார். உறி முட்டி வீட்டிலேயே தொங்கியது. அந்த உறை அங்கேயே செத்தது. ஆனால் அதற்குப் பல வருடங்களுக்கு முன், தன்னுடைய தங்கை கல்யாணம் முடித்துத் தென்மராட்சியில் உள்ள மட்டுவிலுக்குப் போனபோது, சிரட்டையில் இரண்டு கரண்டி உறை கொடுத்து அனுப்பியிருந்தார். மட்டுவில் வீட்டில் அது நாள் தவறாமல் பாலில் வளர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது, தங்கை வீட்டு முட்டியில் இருந்து உறை எடுத்து வந்தார். இப்போது நாம் சாப்பிடும் தயிர் அந்த முட்டியின் தொடர்ச்சி.

அதனால்தான் உறை கேட்டு வரும் யாரிடமும் இவர்கள் காசு வாங்குவதில்லை. ஒரு சொல் மட்டும் வாங்கிக்கொள்வார்கள்: இங்கே உறை கெட்டால் உங்கள் வீட்டில் இருந்து தர வேண்டும். கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்று எத்தனை வீடுகளில் அது இருக்கிறது என்று தங்கச்சிக்கே கணக்கு இல்லை. என் வீட்டிலும் ஒரு முட்டி இருக்கிறது. லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி, தனிக் கரண்டி, பகல் தயிரில் எடுப்பதில்லை. என் மருமகள் பாலை அதிகச் சூட்டில் வைத்து ஒரு தடவை அதைக் கொன்றுவிட்டாள். மறுநாள் காலையில் படலைக்குப் போய் நின்றேன், ஒரு கேள்வியும் கேட்காமல் சிரட்டையை நிரப்பித் தந்தார்.

போக விரும்புபவர்களுக்கு: சனிக்கிழமையும் விரத நாட்களிலும் ஏழு மணிக்கு முன்பே போங்கள். தொலைபேசியில் சொல்லி வைத்தால் எடுத்து வைக்க மாட்டார்கள். ஒரு லீற்றர் சட்டியே வாங்குங்கள், அரை லீற்றர் சட்டி சீக்கிரம் புளிக்கிறது. காகிதம் கிழியாமல் இருக்க மூடியுள்ள வாளி ஒன்றைக் கொண்டுபோங்கள். திருவிழாக் காலத்தில் பகல் தயிர் வேண்டாம், இரவுத் தயிர் என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். உறை வேண்டுமென்றால் கழுவிக் காய்ந்த சிரட்டை ஒன்று போதும்.